விடியல்வண்டி

எழுந்ததும் சுலைஹா முதலில் பார்ப்பது டம்ளரின் நிழலைத்தான்.

பின்கண்ணாடியை ஒட்டிய மடக்குமேசையில் அந்த எவர்சில்வர் டம்ளரைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். நிழல் மேசையின் மறுமுனையைத் தாண்டி விழுந்தால் நிம்மதி. தேநீர் போட்டுக் குடித்துவிட்டு, டப்பாவில் வளரும் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விடலாம். மேசை நடுவிலேயே நின்றுவிட்டால் கணவரை உலுக்கி எழுப்ப வேண்டியதுதான். இன்றைக்கு அது நடுவையும் எட்டவில்லை.

"ஏங்க, எந்திரிங்க. நெழலு குட்டையாயிருச்சு."

"தானோட்டி ஓட்டிக்கிட்டுத்தானே இருக்கு?" என்றார் மொகுதூம் போர்வைக்குள்ளிருந்தே.

"அது ஓட்டுற லட்சணத்தைத்தான் நெழலு சொல்லுதே. வாங்க முன்னால."

நிலாவில் ஒரு பகல் என்பது பூமிக் கணக்கில் இரண்டு வாரம். நண்பகலில் தரை தோசைக்கல்லாகக் காயும். இரவில் இரும்பும் நொறுங்கும் குளிர். இரண்டையும் தாங்கும் வண்டிகள் இல்லாமல் இல்லை. அவற்றில் போகிறவர்கள் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திப் படம் பிடித்துக்கொள்ளலாம். இவர்களைப் போன்றவர்களுக்கு வாய்த்தது விடியல்வண்டி. குளிர்சாதனம் பேருக்கு இருக்கும், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் சேமகலம் ஊறுகாய் அளவுக்கு இருக்கும். அப்படிப்பட்ட வண்டி பிழைத்திருக்கக்கூடிய இடம் நிலாவில் ஒன்றே ஒன்று: சூரியன் இப்போதுதான் உதித்திருக்கிற நிலப்பட்டை. அந்த விடியல் சைக்கிள் வேகத்தில் மேற்கே நகர்ந்துகொண்டே இருக்கும், வண்டியும் அதன் பின்னாலேயே நகர வேண்டும். முந்தினால் இருட்டு, பிந்தினால் வெயில். கையைக் கடிக்காத செலவில் நிலாவைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்கு மாதம் முழுக்கக் காலை எட்டு மணிதான்.

சுலைஹாவுக்கு அதில் குறையொன்றும் இல்லை. வண்டி ஒரு காலத்தில் சுரங்கத்துக் கல் சுமந்தது. எத்தனை முறை கழுவினாலும் உள்ளே பட்டாசு வெடித்த வாசனை போகவில்லை. நிலாத் தூசியின் வாசனையே அதுதான். கட்டிலை மடக்கினால் சமையலறை, விரித்தால் படுக்கையறை. இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து நின்றால் ஒருவர் முழங்கை மற்றவர் விலாவில் படும். ஆனால் வெளியே? சாம்பல் நிற மலைகள் ஒவ்வொன்றாக உச்சியில் தீப்பற்றி, அந்த வெளிச்சம் அடிவாரம்வரை வழிந்து இறங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வாய் தன்னால் "சுப்ஹானல்லாஹ்" என்று சொல்லிவிடும். இத்தனை காலம் இதன் மேல்தான் குடியிருந்தோம், எட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்று தோன்றும்.

அவர்கள் குடியிருந்தது நிலாவின் மறுபக்கத்தில். அங்கே பிரமாண்டமான வானொலித் தொலைநோக்கிகள், பேரண்டத்தின் மெல்லிய முனகல்களைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அதனால் அது அமைதி மண்டலம். யாரும் வானொலியில் பேசக் கூடாது. ஊருக்குப் பேசுவதென்றால் பதிவு செய்து கம்பிவழியாக அனுப்ப வேண்டும், பதில் அடுத்த வாரம் வரும். பூமியோ அங்கிருந்து ஒருநாளும் தெரியாது. நிலா தன் ஒரே முகத்தைத்தான் பூமிக்குக் காட்டுகிறது; இவர்கள் இருந்தது அதன் முதுகில்.

மொகுதூம் தொலைநோக்கிகளின் கம்பித்தடங்களைப் பழுதுபார்ப்பவர். சுலைஹாவுக்கு நீர்மீட்பு நிலையத்தில் வேலை. ஒன்பது வயது மகள் முஃபீதாவைக் கீழக்கரையில் சுலைஹாவின் அக்காவிடம் விட்டுவிட்டு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வந்தார்கள். இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒருமுறை நீட்டித்துக்கொண்டதும் அவர்களேதான். அதற்குப் பிறகு, ஊர் திரும்ப அனுமதி தரும் எடை வாரியத்து மருத்துவர்கள் எலும்புகளைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். பூமியின் கனத்தை இந்த எலும்புகள் இனித் தாங்காதாம். அவ்வளவுதான், இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. அடுத்த மாதம் பணி ஓய்வு. ஓய்வு பெற்றவர்களின் மேற்பரப்பு உரிமம் ரத்தாகிவிடும். கதிர்வீச்சு படாத குகையூரில்தான் இருந்தாக வேண்டும், மிச்ச நாளெல்லாம். அதற்கு முன்னால் இந்த ஒரு பயணம்.

மற்றவர்கள் பெரிய பள்ளங்களையும் மலைகளையும் பார்க்கக் கிளம்புவார்கள். சுலைஹா கிளம்பியது பார்ப்பதற்காக அல்ல.

போன ரமலானில் முஃபீதா அனுப்பிய குரல்பதிவில் ஒரு வரி இருந்தது. "ஊரே மொட்டைமாடியில நிக்குது உம்மா, பெருநாள் பிறை பார்க்க. நான் போகல. சின்னப் புள்ளையில எல்லாரும் என்னைப் பிடிச்சு, 'அங்க பாரு, உங்க உம்மா அங்கதான் இருக்காங்க'ன்னு காட்டுவாங்க. நீங்க அங்க இல்லையே, அதுக்குப் பின்னாலதானே இருக்கிய. அப்பவே பார்க்குறதை விட்டுட்டேன்." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். விலைவாசி சொல்லும் குரலில் சொல்லியிருந்தாள்.

அன்றிலிருந்து சுலைஹாவுக்கு ஒரே எண்ணம். ஒரு பெருநாள் பிறையின்போதாவது மகள் அண்ணாந்து பார்க்கும் பக்கத்தில் இருந்துவிட வேண்டும். இன்று ரமலான் இருபத்தொன்பது; பயணத்தில் இருக்கும் இவர்களுக்கு நோன்பு கட்டாயமில்லை, ஆனால் மாலை கீழக்கரையில் பிறை தேடுவார்கள். நிலாவின் விளிம்பைத் தாண்டிப் பூமி தெரியும் இடத்துக்குப் போய்விட்டால் அமைதி மண்டலம் முடிந்துவிடும், நேராகவே பேசலாம். நாளைக்கும் நிலா வரும், ஆனால் நாளைக்கு ஊரில் யாரும் அதைத் தேட மாட்டார்கள்.

"சரியா வராது போலிருக்கே," என்றார் மொகுதூம், வரைபடத்தைப் பார்த்தபடி. "முன்னால மலைத்தொடர். சுத்திப் போனா ஊர்ல ராத்திரி இஷாத் தொழுகையே தாண்டிரும்."

"சுத்தாம போனா?"

"மலைக்கு நெழலு இருக்குல்ல? அதுக்குப் பின்னால பள்ளத்தாக்கு முழுக்க இருட்டு. சூரியத்தகடு வேலை செய்யாது. சேமகலம் பாதியில நின்னுச்சுன்னா நம்மளையும் தொலைநோக்கியிலதான் தேடணும்."

"நிக்காது."

"எந்தக் கணக்குல சொல்ற?"

"ஊர்ல வருஷா வருஷம் கணக்குப் போட்டுப் பெருநாளை முன்கூட்டியே சொல்லுவிய, அந்தக் கணக்குலதான்."

மொகுதூம் சிரித்துவிட்டார். அவர் கணக்குக் கட்சி. பிறை எப்போது பிறக்கும் என்று நொடி சுத்தமாகத் தெரிகிறபோது எதற்கு அண்ணாந்து பார்ப்பது என்பார். கண்ணால் பார்த்தால்தான் பிறை என்பது சுலைஹாவின் கட்சி. கல்யாணமான வருடம் ஒரே வீட்டில் இரண்டு நாள் பெருநாள் கொண்டாடியவர்கள். அவர் தானோட்டியை அணைத்துவிட்டுச் சுக்கானைக் கையில் எடுத்தார்.

கணவாயைக் கடந்து இறங்கியதும் வெளிச்சம் கத்தரித்தாற்போல் அறுந்தது. சேமகலத்தை மிச்சப்படுத்த உள்விளக்கு, சூடேற்றி எல்லாவற்றையும் அணைத்தார்கள். முன்விளக்கின் சின்ன வட்டம் மட்டும் கல்மேல் தவழ்ந்து போயிற்று. சுலைஹா கட்டிலில் கிடந்த போர்வையை எடுத்து இருவருக்கும் சேர்த்துப் போர்த்தினாள். மேலே பார்த்தவள் அப்படியே உறைந்துபோனாள். வண்டியில் ஏறியதிலிருந்து விடியலிலேயே வாழ்ந்ததில் நட்சத்திரங்களையே மறந்துவிட்டிருந்தாள். இங்கே அவை மின்னவில்லை, சிமிட்டவில்லை. அடுக்கடுக்காக, ஆழம் ஆழமாக, அசையாமல் எரிந்துகொண்டிருந்தன. பயம் போய்விட்டது. இத்தனை பெரியதைப் படைத்தவன் ஒரு பழைய கல்வண்டியைப் பள்ளத்தாக்கில் கைவிட மாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. சேமகலத்தின் முள் சிவப்பைத் தொட்டதை மொகுதூம் அவளிடம் சொல்லவில்லை.

எதிர்ச்சரிவில் ஏறி முகட்டை எட்டியபோது பின்னாலிருந்து வெயில் சுளீரென்று அடித்தது. சூரியத்தகடு உயிர்பெற்று முனகியது.

"வந்துட்டோம்," என்றார்.

மேற்கே, கறுத்த வானமும் சாம்பல் தரையும் சேரும் கோட்டில் ஒரு நீலக் கீற்று இருந்தது. வண்டி முன்னேற முன்னேற அது உயர்ந்தது. வானத்தில் நீலம் என்று ஒரு நிறம் இருப்பதையே சுலைஹா இருபத்தைந்து வருடமாகப் பார்க்கவில்லை. வண்டி ஒரு கல்லில் தயங்கி நின்றது. நீலமும் நின்றது. வண்டி நகர்ந்தது, அதுவும் எழுந்தது. நிலாவிலிருந்து பார்த்தால் பூமி தானாக உதிப்பதே இல்லை. அதை நோக்கிப் போகிறவர்களுக்கு, போகிற அளவுக்குத்தான் உதிக்கும்.

"கொஞ்சம் பின்னால எடுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"எடுங்களேன்."

அவர் பின்னால் எடுத்தார். பூமி மெதுவாகத் தரைக்குள் இறங்கியது. முன்னால் எடுத்தார். மீண்டும் எழுந்தது. சுலைஹா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. மொகுதூம் மறுபடி பின்னால் எடுக்கவில்லை. முழுப் பூமியும் மலைக்கு மேலே வரும்வரை நேராக ஓட்டினார்.

அது ஏறக்குறைய முழுவட்டமாக இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் மெல்லிய கறுப்புக் கீற்று.

"அந்தக் கறுப்பு என்னங்க?"

"அங்கதான் இப்ப பொழுது சாஞ்சு மஃரிப் தொழுகை முடிஞ்சிருக்கு. நம்ம ஊரு அதுக்குள்ளதான் இருக்கு." அவர் விரலை அந்தக் கீற்றை நோக்கி நீட்டினார். "பூமியில இருட்டு அந்தக் கீத்து அளவு. இங்க வெளிச்சமும் அதே அளவுதான் அவங்களுக்குத் தெரியும். அவங்க தேடுற பிறைங்கிறது வேற எதுவும் இல்ல புள்ள. நாம வந்துக்கிட்டிருக்கமே, இந்த விடியல் பட்டைதான்."

சுலைஹா சுற்றிலும் பார்த்தாள். வெயில் படிந்த சாம்பல், கற்கள், வண்டியின் சக்கரத்தடம். இதையா? நபிமார்கள் காலத்திலிருந்து மனிதர்கள் கடற்கரையில் நின்று தேடியது இதையா?

பேசியில் அழைத்தார்கள். குரல் போய்ச் சேர்ந்து பதில் திரும்ப ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் ஆனது.

"உம்மாவா? எங்கேயிருந்து பேசுறிய? நேராவா?" முஃபீதாவின் பின்னால் பாத்திரங்களின் சத்தம். "இங்க ஒரே மேகம் உம்மா. பிறை தெரியலையாம். பெருநாள் வட்டலப்பத்துக்கு முட்டையை உடைக்கவா வேணாமான்னு நிக்கிறேன்."

"மாடிக்குப் போம்மா."

"நான்தான் போறதில்லன்னு சொன்னேனே."

"பின்னால இருக்கோம்னுதானே போறதில்ல? இன்னைக்கு முன்னால வந்திருக்கோம். வாப்பாவும் நானும். நீங்கல்லாம் தேடுற அந்தக் கீத்துக்குள்ளயே நிக்கிறோம்."

ஒரு மூச்சு நேரம் போயிற்று. பிறகு மாடிப்படியில் வேகமாக ஏறும் செருப்புச் சத்தம் கேட்டது.

மாடியில் பக்கத்து வீட்டு மைமூன் மாமியின் குரல் குறுக்கிட்டது. "ஏம்மா சுலைஹா, நீ பிறைக்குள்ளயே இருக்கியாமே! அப்ப நீ சொன்னா சாட்சிதானே? பள்ளிவாசல்ல சொல்லிறலாமா?"

"கணக்குப்படி பிறை இருக்கு, சொல்லிருங்க," என்றார் மொகுதூம் உற்சாகமாக.

சுலைஹா அவரை முறைத்தாள். "இல்ல மாமி. நிக்கிற எடம் வெளிச்சமா இருக்கு, அது மட்டுந்தான் எனக்குத் தெரியுது. உள்ள நிக்கிறவளுக்குப் பிறை எங்க தெரியும்? அதை நீங்கதான் பார்க்கணும்."

வண்டிக்குள் அபாயமணி சிணுங்கியது. முகட்டில் நேரம் போக்கியதில் வெயில் ஏறிவிட்டிருந்தது, காற்றுச் சுத்திகரிப்பான் சூடாகத் தொடங்கியிருந்தது. மொகுதூம் மெல்ல வண்டியை நகர்த்தினார். சுலைஹா ஒரு குவளையில் கொஞ்சம் தேநீர் ஊற்றிக்கொண்டு முன்கண்ணாடியருகே போய் நின்றாள். நீலவட்டத்தின் ஓரத்தில் ஊர் மெதுவாகச் சரிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் விளிம்புக்கு அப்பால் போய்விடும். மேகம் விலகவில்லை என்றால் இவ்வளவு தூரம் வந்ததெல்லாம் ஒரு தொலைபேசி அழைப்புக்காக என்றாகிவிடும்.

பேசியில் வெறும் கடற்காற்றின் இரைச்சல்.

"உம்மா."

"சொல்லும்மா."

"விலகிருச்சு."

ஊரெல்லாம் சேர்ந்து எழுப்பிய ஆரவாரம் நிலாவரை வந்தது. எங்கோ பள்ளிவாசலில் பெருநாள் தக்பீர் முழக்கம் தொடங்கிவிட்டது. முஃபீதா மட்டும் அந்த ஆரவாரத்தில் சேரவில்லை.

"மெல்லிசா இருக்கு உம்மா. நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி. இதுல எங்க இருக்கிய?"

சுலைஹா கணவரைப் பார்த்தாள். "நடுவுல," என்றார் அவர். பேசியின் பக்கம் குனிந்து மறுபடியும் சொன்னார். "சரியா நடுவுலம்மா."

"நடுவுல." முஃபீதா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இப்போது அது முப்பத்து நான்கு வயதுக்காரியின் குரலாக இல்லை. "அசையாதீங்க உம்மா. அப்படியே இருங்க. பாத்துக்கிட்டு இருக்கேன்."

மொகுதூம் டம்ளரின் நிழலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டி மோட்டாரை நிறுத்தினார். சுலைஹா கையிலிருந்த தேநீரைக்கூடக் கீழே வைக்காமல், ஊர் அந்த விளிம்பில் மறையும்வரை, அசையாமல் நின்றாள்.