காலிடம் கேட்டார்கள்

காலை பதினொரு மணிக்கு இசக்கிமதி கடலோர ஈரமணலில் ஓடிக்கொண்டிருந்தாள். அவள் உடல் பாளையங்கோட்டை விளையாட்டு விடுதியில், சிகிச்சைக் கட்டிலில் குப்புறக் கிடந்தது.

தொடையில் ஒட்டியிருந்த துயிலோட்டி என்ற இயந்திரம் அவளைத் தூங்கவைத்து, கனவில் ஓடும் வேகத்துக்கு ஏற்றபடி பின்தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தியது. அந்தத் தசையின் நாண், உட்காரும் எலும்பில் சேரும் இடத்தில் எட்டு மாதமாக நைந்திருந்தது. முழு ஓய்வு கொடுத்தால் நாண் மெலியும். குனிந்து நீட்டினால் எலும்பில் அழுந்தும். தாங்கும் அளவுக்குச் சுமையைக் கூட்டிக்கொண்டே போவதுதான் வழி. அந்த அளவை விழித்திருப்பவர்களிடம் கேட்டுப் பயனில்லை. அந்த முறை அணிப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும் என்று ஓட்டக்காரர்கள் எல்லோரும் வலிக்கவில்லை என்பார்கள். அதனால் இயந்திரம் தூங்கும் காலிடம் கேட்டது. கால் ‘வலி’ என்று சொன்னால் கனவில் மணல் இளகும், அலைகள் மெதுவாக வரும்.

இது சிகிச்சையின் பத்தாவது வாரம். மணல் இளகவில்லை. இருந்தும் மூன்றாவது சுற்றில் அவள் நின்றாள். தண்ணீரில் உட்கார்ந்தாள். சின்ன மீன்கள் விரல்களை முகர்ந்து பார்த்தன.

விழித்தபோது சிகிச்சையாளர் நூர்ஜஹான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்திரி பிள்ள. நாண் சரியாயிட்டு.”

“அப்பம் மாநில அணியில நான் உண்டுல்லா?”

நூர்ஜஹான் திரையைத் திருப்பினாள். ‘நிறுத்திய காரணம்: வலி இல்லை. ஓட விருப்பம் இல்லை.’

“லூசு மிஷின்க்கா இது. பத்து வயசுல இருந்து ஓடுதேன்.”

“அதான் அலுத்திருக்கும்.”

இசக்கிமதி சிரிக்கவில்லை. தேர்வுக் குழு வாயை நம்புவதில்லை, அறிக்கையைத்தான் நம்பும். விருப்பமில்லாதவளுக்கு அணியில் இடமில்லை, விடுதியிலும் இல்லை. வலி உள்ளவளுக்கு இந்த முறை அணி போனாலும் விடுதியில் இடம் காத்திருக்கும். காரணத்தைத் திருத்தும் அதிகாரம் சிகிச்சையாளருக்கு மட்டுமே உண்டு.

“அக்கா, வலின்னு மாத்திருங்க.”

“ஏட்டி, வெளையாடுதியா? வலின்னு போட்டா மிஷின் சுமையக் கொறச்சிரும். சுமை கொறஞ்சா நாண் மெலியும். ரெண்டு மாசத்துல நெசமாவே வலிக்கும், பாத்துக்க.”

ஜன்னலுக்கு வெளியே பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். இசக்கிமதி அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தானாகவே குப்புறப் படுத்தாள்.

“வலிக்கட்டும்க்கா. அப்பம் நீங்க எழுதுனது பொய் ஆகாதுல்லா.”