நடுச்சுவரில் உறைந்த மெழுகு

வேலூரில் பொழுது விடிந்ததும் முதல் வேலை சுவர் பார்ப்பது. பூங்கோதை அலைமானியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவாள்.

அந்தக் காலத்து வெயிலில் மனிதர் பிழைத்துக் கிடந்ததே சுவருக்குள் இருந்த மெழுகின் தயவில்தான். இரவில் குளிர்குழாய் அதை உறைய வைக்கும். பகலில் மெல்ல உருகி வெப்பத்தையெல்லாம் அதுவே விழுங்கிக்கொள்ளும். உறைந்ததா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. அலைமானி அனுப்பும் மில்லிமீட்டர் அலைகளுக்குத் தெரியும். சுவருக்குள் புகுந்து, மெழுகு எங்கே கட்டி, எங்கே கூழ், எந்தப் பக்கமிருந்து உறைந்து வருகிறது என்று புட்டுப்புட்டு வைத்துவிடும். அடேயப்பா, என்ன கருவி! இத்தனை வருடம் சுமந்தும் பூங்கோதைக்கு வியப்பு தீரவில்லை.

உறையாத வீட்டில் பகலில் யாரும் இருக்கக்கூடாது. கதவில் சிவப்பு அட்டை ஒட்டினால் பொதுக் குளிர்க்கூடத்துக்குப் போய்விட வேண்டும்.

அன்று சுகுணா வீட்டு வாசலில் பூங்கோதைக்குக் கால் எழவில்லை. முந்தின மாலை அங்கே குளிர்குழாய் வெடித்திருந்தது. குழந்தையோ குறைமாதம். குளிர்க்கூடத்தில் காய்ச்சல் வேறு பரவிக்கொண்டிருந்தது.

“அக்கா, சிவப்பு ஒட்டிடாதக்கா. இத்துனூண்டு புள்ளைய அந்தக் கும்பல்ல எப்படி வெச்சிக்கினு இருப்பேன்?”

“பாக்குறேன் இரும்மா.” பூங்கோதை உள்ளே போய்ச் சுவர் சுவராகப் பார்த்தாள்.

வெளிச்சுவர்கள் எல்லாம் கூழ். மிச்சம் நடுச்சுவர். பாகம் பிரித்தபோது, இனி மூஞ்சியிலேயே முழிக்கக் கூடாது என்று சுகுணாவும் அண்ணன் தணிகாசலமும் சண்டை போட்டு எழுப்பிய சுவர் அது. அலைமானியை வைத்தாள். திரை முழுக்க நீலம்!

“உறைஞ்சிருக்குதும்மா! இந்த ரூமுல நீ தாராளமா இருக்கலாம்.”

“கொழாயே இல்லாம எப்படிக்கா?”

“நம்ம பக்கம் லேசா இளகலா இருக்குது பாரு. அந்தப் பக்கத்துலேர்ந்துதான் உறைஞ்சி வந்திருக்குது.”

சுகுணா நடுச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

பூங்கோதை அடுத்த வீட்டுக்குப் போனபோது தணிகாசலம் பையோடு கிளம்பத் தயாராக இருந்தார். தன் வீட்டுக்கான இரவுக் குளிர் மொத்தத்தையும் நடுச்சுவருக்கே திருப்பிவிட்டிருந்தார். அந்தக் குளிர் தன் பக்கம் வீணாகாதபடி மெத்தை, போர்வை, தெர்மாகோல் என்று கிடைத்ததையெல்லாம் சுவரில் சார்த்தி மூடியிருந்தார். மற்ற சுவர்கள் எல்லாம் கூழ்.

“நல்ல மனுசன்யா நீ!” என்றாள் பூங்கோதை. கண் கலங்கிவிட்டது.

“சிவப்ப ஒட்டிட்டுப் போம்மா. அவகிட்ட ஒண்ணும் சொல்லிக்கினு இருக்காத.”

அதற்குள் சுகுணா குழந்தையோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

“எங்க கெளம்பிட்ட?”

“கூடத்துக்குத்தான்.”

“அங்க என்ன வெச்சிருக்குது? உள்ள வாண்ணா. ஒம் மருமகன நீ இன்னும் பாக்கவே இல்ல.”

தணிகாசலம் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். பிறகு தங்கை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்.

ஓர் ஆள் கூடினால் மெழுகு கொஞ்சம் சீக்கிரம் உருகும். பூங்கோதை அதைச் சொல்லாமல் அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.