இடது கண்ணில் தூள்

கண்ணில் கத்தியே படாது, வெறும் லேசர் வெளிச்சம்தான் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். மூன்று நாளாகியும் அந்தக் கருகல் வாடை, பட்டறையில் இரும்பைத் தேய்க்கிற கிரைண்டர்காரனின் மூக்கை விட்டுப் போகவில்லை. தலையணையில், குடிக்கிற தண்ணீரில், மனைவியின் கையில்கூட முடி பொசுங்குகிற வாடை. அங்கே பதினெட்டு வருடம் நின்றவனுக்குத் தோல் பொசுங்குவது புதிதில்லை. ஆனால் இது அவன் கண் வெந்த வாடை.

திங்கட்கிழமை கிரேன் வேலைக்குக் கண் பரிசோதனை. கண்ணாடி போட்டவனை மேலே ஏற்ற மாட்டார்கள்; அதைக் கழற்றத்தான் இந்த லேசர். தேறினால் காற்றோட்டமான கூண்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. தவறினால் சாகிறவரை இரும்புத் தூளைத் தின்ன வேண்டியதுதான்.

மதியம் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தான். ஆஸ்பத்திரியில் ஒட்டிவிட்ட பிளாஸ்டிக் கண்மூடிக்குள் வேர்த்து, இமை மயிரில் மஞ்சளாகக் கசிந்து காய்ந்திருந்தது. இடது கண்ணுக்குள் ஏதோ நெருடியது. விழியை உருட்டினால் அதுவும் கூடவே உருண்டது.

"கைய எடுங்க. தொடவே கூடாதுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கல்ல?" என்றாள் மனைவி.

"தூள்டி. எனக்குத் தெரியாத தூளா?"

"ஆமா, பெரிய கண் டாக்டரு." சொட்டு மருந்தை விட்டுவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனாள்.

பட்டறையிலும் அவனுக்கு அந்தப் பெயர்தான். யார் கண்ணில் தூள் விழுந்தாலும் அவனிடம்தான் ஓடி வருவார்கள். பனியன் நுனியை எச்சிலில் நனைத்து, முறுக்கி, இமையைப் புரட்டி ஒரே இழுப்பு. நூறு கண்ணாவது பார்த்திருப்பான். ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று கண்மூடியைக் கழற்றினான். பனியன் நுனியை வாயில் வைத்து முறுக்கினான்.

கருவிழியின் ஓரத்தில் வெங்காயத் தோல் போல ஒரு விளிம்பு தூக்கிக்கொண்டிருந்தது. நுனியை வைத்தான். ஒட்டியது.

இழுத்தான்.

வலிக்கவே இல்லை. பாலாடை போல நழுவி வந்தது. வழுவழுவென்று, வெதுவெதுப்பாக. விரல் நுனியில் ஏறி ஒட்டிக்கொண்டது. உதறினான். விடவில்லை.

பயத்தில் இரண்டு கண்ணையும் இறுக மூடினான்.

இருட்டவில்லை.

ஒரு முகம் தெரிந்தது. வெகு கிட்டத்தில். மூடிய இமைகள், கன்னத்தில் வழிகிற கொழகொழத்த நீர். அவன் முகம்தான். விரலை விலக்கினான். முகம் தள்ளிப் போனது. ஒவ்வொரு மயிர்க்கால், ஒவ்வொரு தழும்பு. இவ்வளவு தெளிவாக அவன் எதையும் பார்த்ததே இல்லை.

காட்சி ஓரங்களில் சுருங்கத் தொடங்கியது. காய்கிறது. காய்ந்தால் போச்சு. மறுபடி ஒட்ட வேண்டும். திங்கட்கிழமை.

பழக்கம். எச்சிலில் நனைக்க விரலை வாய்க்குள் விட்டான்.

கறை படிந்த பற்கள். மேலெழுந்து வருகிற நாக்கு, அதன் வெள்ளைப் படிவு.

"என்ன பண்றீங்க?" வாசலில் மனைவி.

குமட்டியது. அடக்கி விழுங்கினான்.

விரலை எடுத்தான். விரலில் ஒன்றுமில்லை.

கண்ணை மூடியபடியே நின்றான். சிவந்த, ஈரமான சுவர்கள் நெருக்கித் தள்ளின. கீழே. இன்னும் கீழே. எல்லாம் தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்தது.