பதினொரு விநாடிப் படம்

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் ரௌஷானின் அலுவலகத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்பது சாபித்தின் அனுபவம். அதை நம்பித்தான் மேசை மேல் இறைச்சி வைத்துச் சுட்ட இரண்டு சம்சாக்களைப் பிரித்து வைத்திருந்தான். முதல் கடி கடிக்குமுன் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். இருபத்துநான்கு வயதிருக்கும். ஒரு வாரமாகத் தூங்காத முகம்.

ரௌஷான் அல்மாட்டியில் சாலை விபத்துகளை ஆராய்ந்து சொல்பவள். எந்த வண்டி எந்த வேகத்தில் வந்தது, யார் எப்போது பிரேக்கை மிதித்தார் என்பதையெல்லாம் தரையில் கிடக்கும் கண்ணாடித் தூளைப் பார்த்தே சொல்லிவிடுவாள். நாற்பத்தைந்து வயது, மெல்லிய குரல், அவசரம் என்பதே கிடையாது. அவசரம் முழுவதும் அவளுடைய உதவியாளன் சாபித்திடம் இருந்தது.

வந்தவள் பெயர் ஐசுலு. ஊருக்கு வெளியே புல்வெளியில் இருக்கும் புர்கித் என்ற கார் ஓடுதளத்தில் ஓட்டுபவள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அங்கே ஓட்ட நாள். போட்டி, பரிசு எதுவும் இல்லை. சொந்தக் காரைக் கொண்டுவந்து, வேண்டிய மட்டும் விரட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். ஐசுலு தன் பழைய வெள்ளைக் காரைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி அங்கேயே வளர்ந்தவள். வருகிற இலையுதிர் காலத்தில் அஸ்தானாவில் நடக்கும் பந்தயத்துக்கு, ஓடுதளத்தை நடத்தும் கார் மன்றத்தின் சார்பில் ஒருவரை அனுப்பப் போகிறார்கள். அவளா, தவ்லெத் என்பவனா என்பதுதான் பேச்சாக இருந்தது.

போன சனிக்கிழமை, பன்னிரண்டு மணிச் சுற்றில், மூன்றாம் வளைவுக்கு முன்னால் யாருடைய காரிலிருந்தோ புகைக்குழாய் கழன்று தடத்தில் விழுந்தது. கொடிக்காரர் ஜொமார்த் அதை எடுக்க ஓடினார். அவருடைய கூட்டாளி மஞ்சள் கொடியை வீசினார். கொடி தெரிந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அது அங்கே எழுதாத சட்டம்கூட இல்லை, எழுதிக் கையெழுத்து வாங்கும் சட்டம். ஐசுலுவின் கார் வந்தது. ஜொமார்த் தடத்தோரம் டயர்களை அடுக்கிய சுவரைத் தாண்டிக் குதித்துக் காலை முறித்துக்கொண்டார்.

"நான் குறைச்சேன்க்கா" என்றாள் ஐசுலு. "குறைச்சேன்னுதான் நெனச்சேன். ஆனா படம் வேற மாதிரி சொல்லுது."

தன் கைபேசியை நீட்டினாள். காரின் முன்கண்ணாடியில் ஒட்டி வைத்துப் படம் பிடிப்பது அந்தக் கைபேசிதான். காரின் கூரையில் தீப்பெட்டி அளவு கருவி ஒன்று உண்டு. செயற்கைக்கோள்களைக் கேட்டுக் கேட்டு, கார் எங்கே, எவ்வளவு வேகம் என்று விநாடிக்குப் பத்து முறை குறித்துக்கொள்ளும். ஓட்டம் முடிந்ததும் கைபேசியில் ஒரு செயலி அந்தக் குறிப்பை எடுத்துப் படத்தின் மேல் பொருத்தும். மூலையில் வேகம், அதன் பக்கத்தில் விரல் நகம் அகலத்துக்கு ஓடுதளத்தின் வரைபடம், அதில் நகரும் ஒரு புள்ளி. மன்றத்தில் எல்லோருக்கும் இதைப் பொருத்திக் கொடுப்பவன் தவ்லெத். இதையும் அவன்தான் பொருத்தியிருந்தான்.

பதினொரு விநாடிப் படம். நேர்த்தடம், வலப்பக்கம் ஒரு மண்மேடு, வளைவுக்கு இன்னும் நூறு மீட்டர் என்று காட்ட நூறு என்று எழுதிய பலகை. மேடு விலகியதும் மஞ்சள் கொடி. மூலையில் எண்: நூற்று அறுபத்து மூன்று. தூரத்தில் ஒரு மனிதர் விறைத்து நிற்கிறார், பிறகு தாவுகிறார். அதோடு முடிகிறது.

நாளை பகல் ஒரு மணிக்கு மன்றத்தில் கூடுகிறார்கள். அவளை வாழ்நாள் முழுக்க எந்தத் தடத்திலும் ஏறவிடாமல் விலக்க வேண்டும் என்று ஜொமார்த்தின் மனைவி கேட்டிருக்கிறார்.

"விலக்கட்டும்க்கா. நெசமாவே நான் மிதிக்கலேன்னா விலக்கத்தான் வேணும். ஆனா என் கால் மிதிச்ச மாதிரி எனக்கு ஞாபகம் இருக்கு. மிஷின் இல்லேங்குது. என் காலையே நம்ப முடியலேன்னா நான் எதை வச்சு ஓட்டறது?"

கைபேசி சாபித்தின் கையிலிருக்கும்போது அது ஒரு முறை அதிர்ந்தது. சாப்பிட்டாயா என்று அவள் அம்மா கேட்டிருந்தாள். செய்திக்குக் கீழே மூன்று பன்னிரண்டு என்றிருந்தது. தேநீர் நேரமே போய்விட்டதோ என்று பதறிச் சுவரைப் பார்த்தான். இரண்டு பன்னிரண்டுதான். மார்ச் மாதம் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று அறிவித்து அல்மாட்டியின் கடியாரங்களை ஒரு மணி பின்னால் தள்ளியபோது, நாற்காலி போட்டு ஏறி அந்தச் சுவர்க் கடியாரத்தின் முள்ளைத் திருப்பியவனே அவன்தான். நிம்மதியாகச் சம்சாவைக் கையில் எடுத்தான். ரௌஷான் கைபேசியை வாங்கி, அந்தச் செய்தியையும் திரையின் உச்சியில் இருந்த மணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகு அவள் கேட்டவை இரண்டே கேள்விகள். அன்று காலை ஐசுலு எத்தனை முறை ஓடினாள்? பதினொரு மணிக்கு ஒரு முறை, பன்னிரண்டுக்கு ஒரு முறை. அவள் குழுவுக்கு எப்போதும் மணி அடித்தவுடன் இருபது நிமிடம். கைபேசி எவ்வளவு பழசு? ஆறு வருடம், கம்பெனிக்காரர்களே அதைக் கைகழுவி மூன்று வருடமாகிறது.

ஐசுலு போனதும் சாபித் பொரிந்து தள்ளிவிட்டான். தவ்லெத்தான், வேறு யார்? அஸ்தானாவுக்குப் போக அவனுக்கு இவள்தான் தடை, எண்ணை மாற்றிவிட்டான். ரௌஷான் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டாள். படத்தில் ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்கு எவ்வளவு நேரம் ஆகிறதென்று எண்ணிப் பார்த்தாயா என்றாள். அவன் எண்ணவில்லை. பெரிய எண் மூலையில் கண்ணைப் பறிக்கும்போது பலகையை யார் பார்க்கிறார்கள்?

மறுநாள் மன்றத்தின் அறையில் ஏழெட்டுப் பேர். ஜன்னலுக்கு வெளியே பச்சைப் புல்வெளி, அதற்கப்பால் பனி மூடிய மலைகள். தலைவர் கென்னாதி பாவ்லவிச் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஜொமார்த் மாவுக்கட்டுக் காலை ஒரு நாற்காலியில் நீட்டியிருந்தார். அவர் மனைவி சாவ்லே, ஐசுலு இருந்த பக்கமே திரும்பவில்லை. தவ்லெத் சுவர்த் தொலைக்காட்சியில் படத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சாபித் அவனை முறைத்தான்.

ரௌஷான் எழுந்தாள். எண் தெரியாதபடி திரையின் மூலையில் ஒரு காகிதத்தை ஒட்டினாள். நூறு என்ற பலகைக்கும் ஐம்பது என்ற பலகைக்கும் இடையே எல்லோரும் எண்ணும்படி கேட்டுக்கொண்டாள். சாபித் கடியாரத்தைப் பிடித்தான். இரண்டரை விநாடி. மறுபடி போட்டார்கள். மறுபடியும் இரண்டரை.

"அம்பது மீட்டருக்கு ரெண்டரை விநாடி" என்றாள் ரௌஷான். "மணிக்கு எழுபது கிலோமீட்டர் கணக்கு. நூத்தி அறுபத்து மூணுல வந்தா, பிரேக்கை அழுத்திப் பிடிச்சாக்கூட ஒண்ணேகால் விநாடிதான் ஆகும். படம் ஒண்ணு சொல்லுது, எண் இன்னொண்ணு சொல்லுது. ரெண்டும் ஒரே ஓட்டம் இல்ல."

அறையில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. சாபித் இதற்காகவே காத்திருந்தவன்போல் தவ்லெத்தைப் பார்த்துக் கைநீட்டினான். ரௌஷான் அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

எப்படிப் பொருத்தினாய் என்று தவ்லெத்திடமே கேட்டாள். அவன் முகம் வெளுத்திருந்தாலும் ஒளிக்காமல் சொன்னான். செயலியே நேரத்தைப் பார்த்துப் படத்துக்கு உரிய குறிப்பை எடுத்துக்கொள்ளும். எப்போதும் கொஞ்சம் பிசகும். புள்ளியும் படமும் இரண்டாம் வளைவை விட்டு ஒன்றாக வெளியேறும் வரை நகர்த்திச் சரிசெய்வான். எல்லோருக்கும் அப்படித்தான், இவளுக்கும் அப்படித்தான்.

"முழுச் சுற்றையும் பாத்தியா?"

"இல்லக்கா. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். எண்ணைப் பாத்ததும் எனக்கே கோபம் வந்துடுச்சு."

ரௌஷான் முழுச் சுற்றையும் போட்டாள். ஜொமார்த் குதித்த இடம் வரை புள்ளி ஒழுங்காகப் போவதுபோலத்தான் இருந்தது. அவ்வளவு சின்ன வரைபடத்தில் பத்தடி இருபதடி யார் கண்ணுக்குத் தெரியும்? அதற்குப் பிறகு புள்ளி கயிறு அறுத்துக்கொண்டது. படத்தில் கார் மூன்றாம் வளைவில் ஊர்ந்துகொண்டிருக்க, புள்ளி ஐந்தாம் வளைவைத் தாண்டிப் பறந்தது.

"இந்தப் புள்ளி பதினோரு மணிச் சுற்றோடது" என்றாள். "தடம் காலியா இருந்த நேரம். அப்ப அவ விரட்டினா, விரட்டலாம், தப்பில்ல."

பிறகு ஐசுலுவின் பக்கம் திரும்பி, மார்ச்சில் கைபேசியின் நேரத்தை எப்படி மாற்றினாய் என்று கேட்டாள்.

ஐசுலு கொஞ்சம் விழித்தாள். அது தானாக மாறவில்லை. கடைத்தெருவில் போன் பழுதுபார்ப்பவர் சொல்லிக்கொடுத்தபடி, தானாக மாறும் வசதியை நிறுத்திவிட்டுக் கையால் ஒரு மணி பின்னால் தள்ளினாள். அம்மாவுக்கும் அவளேதான் மாற்றிக் கொடுத்தாள். அறையில் இருந்த இன்னும் மூன்று பேர் தங்கள் கைபேசியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

"முள்ளைத் தள்ளினே. ஆனா அல்மாட்டி எந்த நேரத்துல இருக்குங்கறதை அந்தப் பழைய போனுக்கு யாரும் சொல்லல. அது இன்னும் பழைய கணக்குலதான் எல்லா நாட்டுக்கும் பொதுவான உலக நேரத்தைப் போட்டுக்கிட்டிருக்கு. திரையில தெரியற நேரம் சரி, உள்ளே இருக்கற உலக நேரம் ஒரு மணி பின்தங்கிப் போச்சு. அதனாலதான் உங்கம்மா ரெண்டு பன்னெண்டுக்கு அனுப்பின செய்தி மூணு பன்னெண்டுன்னு வந்தது. செய்தியோட நேரம் வெளியேருந்து வருது, அதை நீ தள்ள முடியாது. கூரை மேல இருக்கற கருவியும் அப்படித்தான், நேரத்தை வானத்துலேருந்து வாங்குது. பன்னெண்டு மணிப் படத்தை வச்சுக்கிட்டு செயலி பதினோரு மணிக் குறிப்பைத் தேடி எடுத்திருக்கு. பாவம், அது சொன்னபடி செஞ்சிருக்கு. தவ்லெத்தும்தான்."

சாபித் தன் கையைப் பார்த்துக்கொண்டான். தவ்லெத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்றும் தோன்றியது.

ரௌஷான் கைபேசியை எடுத்து, படத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி, தவ்லெத்தைப் போலவே இரண்டாம் வளைவில் பொருத்தினாள். வேறு எதையும் தொடவில்லை. மூலையில் இருந்த காகிதத்தை உரித்தாள்.

படம் ஓடத் தொடங்கியது. கார் திரும்பும்போது புள்ளி திரும்பியது. காரின் மூக்கு தாழும்போது எண் இறங்கியது. தடத்தில் ஒரு சின்ன மேட்டில் படம் குலுங்கினால், பக்கத்திலிருந்த எண்ணும் துள்ளியது. இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில், யாரும் தொட முடியாத இடத்தில், சில பெட்டிகள் சுற்றிக்கொண்டு நேரத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அதைக் கேட்டு இங்கே ஒரு தீப்பெட்டி, ஒரு பெண்ணின் பாதம் அழுந்தியதைக் கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறது. சாபித்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. தினமும் கையில் வைத்துத் தேய்க்கும் சாமான் இது என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

மூன்றாம் வளைவு வந்தது. நூறு என்ற பலகை, கொடி. எண் நூற்று ஒன்பது. அடுத்த பலகையில் ஐம்பத்தொன்று.

ஐசுலு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கென்னாதி பாவ்லவிச் தன் முன்னாலிருந்த தாளை மடித்தார். அதோடு எல்லோரும் எழுந்துவிடுவார்கள் என்று பார்த்தால், ரௌஷான் எழவிடவில்லை. அவள் நெற்றி சுருங்கியிருந்தது. சாபித் அதை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறான்.

"ஒண்ணு எனக்கே புரியல" என்றாள். "கொடி தெரியறது நூறுன்னு போட்ட பலகைகிட்ட. அதுக்கு முன்னாடி மண்மேடு மறைக்குது. ஆனா இவ பிரேக்கை மிதிச்சது அதுக்கும் ஒண்ணரை விநாடி முன்னாடி. ஏம்மா மிதிச்சே?"

ஐசுலுவுக்குத் தெரியவில்லை. கொடியைப் பார்த்துத்தான் மிதித்தேன் என்று சத்தியம் செய்வாள்.

படத்தை மெதுவாக ஓட்டினார்கள். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாம் முறை சாபித் எழுந்து திரைக்கு அருகே போனான். மேட்டின் விளிம்புக்கு மேல், வானத்தின் நீலத்தில், ஒரு கை அகலத்துக்கு மங்கலாக ஒன்று.

"புழுதிக்கா" என்றான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "இவர் ஓடினாரில்ல, அந்தப் புழுதி மேட்டுக்கு மேல எழும்பியிருக்கு."

திரையில் ஒட்டிப் பார்த்தால்தான் தெரிந்தது. நூற்று அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்தவளுக்கு அது தெரிந்திருக்கிறது என்பது அவளுக்கே தெரியவில்லை. அவள் மனது புரிந்துகொள்வதற்குள் கால் அழுந்திவிட்டது.

ஜொமார்த் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். "அந்த ஒண்ணரை விநாடி இல்லேன்னா?"

ரௌஷான் அவருக்குப் பொய் சொல்லவில்லை. "கொடி தெரிஞ்சதுக்கப்புறம் நீங்க தாவறதுக்கு மூணு விநாடி ஆச்சு. வெறைச்சு நின்னுட்டீங்க, யாரா இருந்தாலும் நிப்பாங்க. கொடியைப் பாத்து மிதிச்சிருந்தா கார் ரெண்டு விநாடில உங்ககிட்ட வந்திருக்கும். நூறுக்குக் குறையாம."

ஜொமார்த் திரையில் நின்றுபோயிருந்த தன் உருவத்தையே பார்த்தார். தடத்தின் நடுவே, கையில் புகைக்குழாயோடு, சிறுத்துப்போய் நிற்கும் உருவம்.

சாவ்லே எழுந்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு ஐசுலுவிடம் வந்து, ஒரு வாரத்தில் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"எந்தக் கால்?" என்று கேட்டாள்.

ஐசுலு வலது காலைக் கொஞ்சம் முன்னால் வைத்தாள். தையல் விட்ட பழைய காலணி. சாவ்லே அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலைவரிடம் திரும்பினாள்.

"எலும்பு கூட ஆறு வாரமாகும்னாங்க. இனிமே இவரைக் கொடி புடிக்க விடறதில்லேன்னு இருந்தேன்." கணவரின் மாவுக்கட்டை ஒரு முறை பார்த்தாள். "விடறேன். இந்தப் பொண்ணு ஓட்டற நாள்ல மட்டும் போடுங்க."