ஷெர்லியின் குரல்

வாக்கியம் முடிந்ததும் ஷெர்லி மூச்சை உள்ளே இழுத்தாள். ஆன்றோ விசைப்பலகையிலிருந்து சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். கல்லறையில் அவள்மேல் போட்ட மண்கூட இன்னும் அமரவில்லை. கணினியில் இருந்தது அவன் மனைவியின் குரல் மட்டும். அதிலிருந்த மூச்சுச் சத்தத்தையெல்லாம் அவனே வெட்டி எறிந்திருந்தான்.

தொண்டைப் புற்றுக்கு ஆபரேஷன் என்று முடிவானதும், குரல் போவதற்குமுன் அவளை உட்காரவைத்துப் பதிவு செய்தான். அவள் தட்டுவதை அவள் குரலிலேயே பேசும் மென்பொருள். இராஜாக்கமங்கலத்தில் நெட் வந்தால் உண்டு. அதனால் ஒலித்துண்டுகள் எல்லாம் கணினிக்குள்ளேயே இருந்து, இணையம் இல்லாமலே ஒன்றுசேர்ந்து பேசும்படி எழுதினான். எழுதி முடிக்குமுன் அவள் போய்விட்டாள். பேச்சற்ற அந்தக் கடைசி வாரங்களில் அவள் என்ன சொல்ல நினைத்தாள் என்று அவனுக்குத் தெரியவே இல்லை.

அந்திமழை ஓட்டின்மேல் இரைந்தது. ஈரச் சுவரின் வாடையும், கடலிலிருந்து வந்த உப்பு வாடையும் அறைக்குள் கனத்துக் கிடந்தன. ‘சாப்பிட்டீங்களா’ என்று தட்டினான்.

“சாப்பிட்டீங்களா?” என்றாள் ஷெர்லி. பிறகு இருமினாள்.

அடுக்களையிலிருந்து அவள் தங்கை குளோரி ஓடிவந்து கதவருகே நின்றாள்.

“மச்சான், அக்காவா இருமுனா?”

“பதிவுல இருந்திருக்கும்.”

“நோவுல அவ இருமுறது எனக்குத் தெரியாதா? அணைச்சிருங்க மச்சான்.” வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

அவன் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான். மழைச் சத்தம் மட்டும்.

பிறகு அதே ஸ்பீக்கரிலிருந்து, கரகரத்து:

“இஞ்ச பாருங்க... தொண்டை கீறுது. இனி என்னைப் பேச வைக்காதீங்க.”

அவன் எதையும் தட்டவில்லை. அவள் அதைப் பதிவு செய்யவும் இல்லை.

கண் நிறைந்தது. அவள்தான். வலியோடு. ஆனால் அவள்தான்.

அழித்துவிடலாம். ஒரு பொத்தான் போதும். விரல் அதன்மேல் போனது. நின்றது.

மழை இரைச்சலைத் தவிர வீட்டில் குரலே இல்லை. அதை அவனால் தாங்க முடியவில்லை.

“ஏட்டி, ஒரே ஒரு வாட்டி,” என்று கெஞ்சினான். தன் பெயரைத் தட்டினான்.

“ஆன்... றோ.”

கிழிந்த குரல். மறுபடி தட்டினான். மறுபடி.

ஸ்பீக்கரின் துணியில் சிவப்பாக ஏதோ ஊறி மேசையில் சொட்டியது. கைலி நுனியால் அதைத் துடைத்தான். மெதுவாக, நோயாளியின் உதட்டைத் துடைப்பதுபோல.

துடைத்துவிட்டு, மறுபடி தட்டினான்.