நாற்பத்தாறு வயது ஜெனோவா

திங்கட்கிழமை காலை முதல் பாடவேளையில் பதினொன்றாம் வகுப்பு முழுவதும் நிழலறை வாசலில் வரிசையாக நிற்கும். உள்ளே போய்விட்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே அவர்களுக்குப் போன வாரம் எப்படிப் போனது என்று சொல்லிவிடலாம்.

"தொப்பை போயிட்டுல! பெல்ட்டுல ரெண்டு ஓட்டை உள்ள போயிட்டு!" என்று கைகளை விரித்துக்கொண்டு வந்தான் ரெக்ஸன்.

"உனக்கென்னல. நான் மூணு நாள் பரோட்டா தின்னேன், என் பெரிசு மாடிப்படியில பாதி ஏறிட்டு உக்காந்துட்டு" என்றான் பின்னால் நின்றவன். வரிசை சிரித்தது.

ஜெனோவா சிரிக்கவில்லை. தன் முறை வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எதிர்ச்சுவர் ஒளிர்ந்து, ஒரு சின்ன வீட்டின் முன்னறையில் நாற்காலியில் ஒரு பெண் தெரிந்தாள். ஜெனோவா முதலில் அந்தப் பெண்ணின் இடது பாதத்தைப் பார்த்தாள். சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லை. ஜெனோவாவுக்கு மூச்சு சீரானது.

"என்னட்டி, வந்ததும் காலைத்தான் பாக்க? மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றாள் அந்தப் பெண்.

"தலை சீவிட்டு வந்து கேளு" என்றாள் ஜெனோவா. அன்று அவள் ஒரு மனிதரைப் பார்த்துப் பேசிய முதல் வாக்கியம் அது. பார்த்தது மனிதரை என்று கொண்டால்.

பிள்ளைகள் பெரிசு என்று சொல்லும், சுவரில் தெரிகிற இந்த வருநிழல் சோதிடம் இல்லை. வானிலை அறிக்கை போன்றது. ஒவ்வொரு மாணவரின் மணிக்கட்டிலும் ஒரு நாடிக்காப்பு இருக்கும். எத்தனை மணிக்குத் தூங்கினார், என்ன சாப்பிட்டார், எவ்வளவு தூரம் நடந்தார், இதயம் எப்போது வேகமாக அடித்தது, ஒரு நாளில் பிற மனிதர்களிடம் என்ன பேசினார், எத்தனை சொற்கள் பேசினார் என்று எல்லாவற்றையும் அது குறித்துக்கொள்ளும். முன்பு வாழ்ந்து முடித்த பல லட்சம் பேரின் குறிப்புகளும் அரசுக் கணினியில் உண்டு. அவர்களில் பதினாறு வயதில் உங்களைப் போலவே உண்டு, உறங்கி, பேசிக் கழித்த பத்தாயிரம் பேரைக் கணினி தேடி எடுக்கும். முப்பது ஆண்டுகளில் அவர்களுக்கு நேர்ந்ததையெல்லாம் கூட்டிக் குறைத்து, உங்கள் முகத்தையும் குரலையும் கொடுத்து, சுவரில் உட்கார வைக்கும். வாரத்துக்கு ஒருமுறை, திங்கள் விடியும் முன், கணக்கு புதிதாகப் போடப்படும்.

பள்ளிகளில் யாரும் யாருக்கும் உடல்நலம் பற்றி அறிவுரை சொல்லக்கூடாது என்று சட்டம் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அறிவுரை வேலை செய்வதில்லை என்பது அதற்கு முந்தைய நூறு ஆண்டுகளில் தெளிவாகியிருந்தது. கேன்டீனில் எல்லாம் கிடைக்கும். எதையும் தின்னலாம், எப்போதும் விழித்திருக்கலாம். திங்கட்கிழமை மட்டும் போய் உங்களை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் போதும்.

நிழலறை மதிய இடைவேளையிலும் திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் அங்கே போகிற ஒரே மாணவி ஜெனோவா.

பாம்பனைக் கடல் எடுத்துக்கொண்ட ஆண்டில் அவள் குடும்பம் தூத்துக்குடிக்கு மாற்றப்பட்டது. அப்பாவுக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இரண்டு ஷிப்டு. அம்மா நடுக்கடல் காற்றாலைகளைப் பழுது பார்க்கிறவள். மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் கரைக்கு வருவாள். வகுப்பில் எல்லாரும் பாலர் பள்ளியிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். யாரும் அவளை விரட்டவில்லை, கேலி செய்யவில்லை. அவர்களுடைய பேச்சு ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். எங்கே போய் ஏறிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணிடம் அந்தச் சிக்கல் இல்லை. நாற்பத்தாறு வயது ஜெனோவாவுக்குத் தூக்கமும் சாப்பாடும் வேளை தவறிய பழக்கத்தில் சுகர் முற்றி, இரண்டு கால்விரல்களை எடுத்திருந்தார்கள். இடது கண் மங்கல். நான்காவது மாடியில் தனியாக இருந்துகொண்டு, துறைமுகத்துக் கிரேன்களை வீட்டிலிருந்தே திரை வழியாக இயக்கினாள். "ஏட்டி", "என்னட்டி" எல்லாம் இந்த ஊர்ப் பேச்சு; மற்றபடி கோபம், சலிப்பு, நக்கல் எல்லாம் ஜெனோவாவுடையதுதான். அவளை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. தனக்குத்தானே என்ன மரியாதை என்று ஜெனோவா "நீ" என்றே பேசினாள்.

"இன்னிக்கு ஏழாம் நம்பர் கிரேன் ஒரு கொள்கலனைத் தூக்கிட்டு இறக்கமாட்டேன்னுட்டு. ஒரு மணி நேரம் அந்தரத்துல தொங்குது. கீழ ஒரு நாய் அதைப் பாத்துக் குரைக்கு" என்பாள்.

"நீ என்ன செஞ்ச?"

"நாய் குரைச்சு முடிக்கட்டும்னு இருந்தேன். வேற யாரு எனக்குப் பேச்சுத்துணை?"

ஜெனோவா வாய்விட்டுச் சிரிப்பாள். அவள் சாப்பிடாமலேயே மதியச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்திருக்கும்.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு தவறு நடந்தது. வகுப்பில் வடிவு என்று ஒருத்தி, வாய் ஓயாதவள். அவள் ஒரு வாரம் ஜெனோவாவைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன்னோடு சாப்பிட வைத்தாள். ஜெனோவா மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டாள், இரவில் அசந்து தூங்கினாள். அடுத்த திங்களன்று சுவரில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். சீவி முடித்த கூந்தல். காலில் பத்து விரல்கள். உள்ளறையில் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம்.

"வணக்கம் ஜெனோவா, நல்லா இருக்கியா?" என்றவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்குப் போக வேண்டிய இடம் இருந்தது. கிரேன் பற்றிக் கேட்டதற்கு, "எந்தக் கிரேன்?" என்று கனிவாகக் கேட்டாள்.

அன்றிலிருந்து ஜெனோவா வடிவோடு சாப்பிடப் போகவில்லை. வயிற்று வலி என்றாள், படிப்பு என்றாள். வேண்டுமென்றே பின்னிரவு வரை கண் விழித்தாள். இரண்டு வாரத்தில் சுவரில் விரல்கள் இரண்டும் போயின; பழையவள் திரும்பி வந்தாள்.

"இவ்வளவு நாள் எங்கட்டி போயிட்ட?" என்று கேட்டாள், ஏதோ போனது ஜெனோவா என்பது போல.

அதன் பிறகு அதுவே ஜெனோவாவின் ஒழுங்காயிற்று. மற்றப் பிள்ளைகள் தங்கள் வருநிழலைத் தேற்றுவதற்காக ஓடினார்கள், கீரை தின்றார்கள். அவள் தன் நிழலைக் காப்பாற்றுவதற்காகப் பட்டினி கிடந்தாள்.

ரெக்ஸனின் தொப்பை குறைந்த அந்த வாரம் வியாழக்கிழமை பள்ளி மாடிப்படியில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தூக்கிவிட்டவள் வடிவு. மறுநாள் மாலை அவளே பள்ளி வாசலில் வழி மறித்தாள்.

"ஏ பிள்ள, துடுப்பு அணிக்கு வாரியா?"

"நானா?"

"ரெண்டு பேர் படகு. என் ஜோடி தேனிக்குப் போயிட்டா, அவங்க அப்பாவுக்கு அங்க வேலை மாத்தல். என் உயரத்துக்கு வகுப்புல நீ ஒருத்திதான். தெனம் காலையில அஞ்சரைக்கு. ராத்திரி ஒன்பது மணிக்குப் படுக்கலைன்னா காலைல எந்திரிக்க முடியாது, வயித்துல சோறு இல்லைன்னா தள்ள முடியாது. அதான் விதி."

"எனக்கு நீச்சலே சரியா வராதே."

"பாம்பன்காரி பேசுற பேச்சா இது? திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லு. பேரு குடுக்கணும்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் ஜெனோவா. யோசிக்க ஒன்றும் இல்லை என்று நினைத்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, மூன்று மணி நேரம்தான் தூங்கினாள்.

திங்கட்கிழமை சுவர் ஒளிர்ந்தபோது விரல்கள் அப்படியே இருந்தன, அதாவது இல்லாமல் இருந்தன. ஆனால் அந்தப் பெண் ஜெனோவாவைப் பார்க்கவில்லை. அவளுக்குச் சற்று இடப்பக்கமாக, கதவை நோக்கி முகத்தைத் திருப்பியிருந்தாள்.

"யாரு? ஜெனோவாவா?"

"என்ன ஆச்சு உனக்கு?"

"வலது கண்ணும் போயிட்டுட்டி. சுகர்தான். உனக்குத் தெரியாதா?" கையை நீட்டி மேசையைத் தடவினாள், டம்ளர் சாய்ந்தது. "கிரேனை எடுத்துக்கிட்டாங்க. கண்ணு தெரியாதவகிட்ட எவன் குடுப்பான்?"

உடலின் கணக்கு அப்படித்தான். வெகு நாள் ஒன்றும் தெரியாது. மேசை மேலிருக்கும் கட்டையை விளிம்பு வரை தள்ளிக்கொண்டே போகலாம், கட்டை விழாது. பிறகு ஒரு விரல் தள்ளினால் போதும். அந்த விரல் தன்னுடையது என்று ஜெனோவாவுக்குத் தெரிந்தது.

"இப்ப நாள் முழுக்க என்ன செய்யுற?"

"உக்காந்திருக்கேன். சன்னல் பக்கம் சத்தம் கேக்கும். நீ வந்தா பேசுவேன்." சாய்ந்த டம்ளரைத் தடவி நிமிர்த்திவிட்டு, "அன்னிக்கு என்னமோ நினைப்பு வந்தது. உன் வயசுல ஒரு பிள்ள என்னைப் படகு தள்ளக் கூப்பிட்டா. பேரு... வாய்ல நிக்குது, வரலை. நான் போகலை" என்றாள்.

ஜெனோவாவுக்குப் புரிந்தது. நாடிக்காப்பு வெள்ளிக்கிழமைப் பேச்சைக் கேட்டிருக்கிறது. பத்தாயிரம் பேரைப் புரட்டிப் பார்த்து, பதினாறு வயது ஜெனோவா மறுத்துவிடுவாள் என்று கணினி கணித்திருக்கிறது. அவள் இன்னும் சொல்லாத பதில் முப்பது ஆண்டுப் பழைய நினைவாக அங்கே உட்கார்ந்திருந்தது.

"ஏன் போகலை?"

"அதான் தெரியலை. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். போயிருக்கலாம். ஒரு காரணமும் ஞாபகம் வரலை."

"பதினாறு வயசுல நீ யார்கூடப் பேசிக்கிட்டிருந்த? மதியத்துல?"

"யார்கூடயும் இல்ல."

"நல்லா யோசி. தினமும் ஒருத்திகூடப் பேசியிருப்ப. கிரேன், நாய், எல்லாம் பேசியிருப்பீங்க."

அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தாள். "இல்லட்டி. அப்படி ஒருத்தி இருந்திருந்தா மறப்பேனா?"

இதற்கும் ஒரு காரணம் உண்டு; ஜெனோவா அதைப் பாடத்தில் படித்திருந்தாள். கண்ணாடிக்கு எதிரே கண்ணாடி வைத்தால் பிம்பத்துக்கு முடிவே இராது. ஆகவே நிழலறையில் பேசுவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று வடிவமைத்தவர்கள் முதலிலேயே விதி வைத்துவிட்டார்கள். காப்பின் கணக்கில் மதிய இடைவேளைகளெல்லாம் வெற்று மௌனம். யாருக்காக அவள் சோறும் தூக்கமும் வடிவும் வேண்டாம் என்று விட்டாளோ, அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் இந்த மதியங்கள் நடக்கவே இல்லை.

"ஏட்டி, இருக்கியா? சத்தமே இல்லையே" என்றாள் அவள் கதவைப் பார்த்து.

"இருக்கேன்."

"மத்தியானம் வருவல்லா?"

ஜெனோவா பொய் சொல்ல வாயெடுத்தாள். தன்னிடமே பொய் சொல்வது சுலபம் என்றுதான் நினைத்திருந்தாள். "மத்தியானம் சாப்பிடணும்" என்றாள்.

"சாப்பிடு, சாப்பிடு. சாப்பிட்டுட்டு வா."

அன்று மாலை அவள் துடுப்பு அணிக்குப் பேர் கொடுத்தாள்.

துடுப்புத் தள்ளுவது பார்க்க எளிது. இருவரும் ஒரே நேரத்தில் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். ஒருத்தி அரை நொடி முந்தினால் படகின் மூக்கு திரும்பிவிடும். முதல் மூன்று நாள் அவர்கள் படகு உப்பளக் கால்வாயில் வட்டம் போட்டது. உள்ளங்கை கொப்புளித்தது. பசி என்றால் என்னவென்று அவள் மறந்திருந்தாள்; அது காலை ஏழு மணிக்கு வந்து வயிற்றைப் பிடித்தது. எட்டரை மணிக்கே கண் சொக்கியது. மதியங்களில் அவள் நிழலறைப் பக்கம் போகவில்லை. அந்த வார முடிவு வரை கண் தெரியாத அந்தப் பெண் அங்கேதான் இருப்பாள், கதவைப் பார்த்துக்கொண்டு. அது தெரிந்துதான் போகவில்லை.

அடுத்த திங்களன்று சுவரில் இருந்தவள் தோள் அகன்ற பெண். ஜெனோவாவை நேராகப் பார்த்தாள்.

"வணக்கம் ஜெனோவா. முகம் தெளிஞ்சிருக்கே. நல்லா தூங்குறியா?"

"தூங்குறேன்."

"ரொம்ப சந்தோஷம்." புன்னகை உண்மையானதுதான். பேசுவதற்கு இருவருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. மூன்று நிமிடத்தில் ஜெனோவா வெளியே வந்தாள். நிழலறைப் பொறுப்பாசிரியை கிளாடிஸ் டீச்சர் பதிவேட்டில் அவள் பேருக்கு நேரே பச்சை அடித்துவிட்டு, சட்டத்தை மீறாமல் கண்ணால் மட்டும் சிரித்தாள்.

மதியம் கேன்டீனில் வடிவு பேசிக்கொண்டே இருந்தாள்: பந்தயத் தேதி, ரெக்ஸனின் பெல்ட், புதுத் துடுப்பின் எடை. ஜெனோவா சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள்.

"என்னாச்சு பிள்ள? கை வலிக்கா?"

"இல்ல. ஒருத்தி போயிட்டா."

வடிவு கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தாள். "யாரு? சொந்தமா?"

அந்த உறவுக்கு முறைப் பெயர் இல்லை. அக்கா இல்லை, அம்மா இல்லை. அவளுக்குப் படம் இல்லை, கல்லறை இல்லை. கணினி பழைய வாரங்களைச் சேமிப்பதில்லை. அவள் இருந்ததற்குச் சாட்சி இந்த உலகத்தில் ஜெனோவா ஒருத்திதான். ஜெனோவா தேறிவிட்டாள் என்று எல்லாரும் மகிழ்கிற நாளில் அந்தப் பெண்ணுக்காக அழ வேண்டியவளும் அவள் ஒருத்திதான்.

"கூடப் பேசிக்கிட்டிருந்தவ" என்றாள்.

"எப்படிப் போனா?"

"நான் சாப்பிட ஆரம்பிச்சேன்."

வடிவுக்கு அது புரியவில்லை. புரிந்தது போல நடிக்கவும் இல்லை. வேறெதுவும் கேட்காமல், தன் தட்டை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்திலிருந்து எழுந்து வந்து, ஜெனோவாவின் பக்கத்தில் தோள் இடிக்க உட்கார்ந்தாள். வெகுநேரம் அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. சொற்களை எண்ணும் அவளுடைய காப்புக்கு அது மிக மோசமான மதியமாக இருந்திருக்கும்.

ஜெனோவா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கவளத்தை எடுத்தாள். தண்ணீர் குடித்து விழுங்கினாள்.