மேலே போன பட்டியல்

ரேடியோ முதலில் பேசியதா, முத்துவீரன் முதலில் எழுந்தானா என்பது தோட்டக் கிளார்க் இந்திரகுமாருக்கு இப்போது நிச்சயமில்லை. மழை தொடங்கி நாலாம் நாள் என்பது மட்டும் உறுதி.

யட்டியாந்தோட்டைக்கு மேலே மலைச்சரிவு வெடிப்பு விட்டதால் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் ஆட்கள் இருபத்தாறு பேரும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஃபோன் டவர் விழுந்துவிட்டது. நிவாரணக்காரர்கள் விட்டுப்போன, இருபக்கமும் பேசும் சிற்றலை ரேடியோதான் மிச்சம். காலையில் அதில் கேகாலை நிவாரண அலுவலகம் தெளிவாகக் கேட்டது. பெயர்ப் பட்டியல் தந்தால் லொறி வரும் என்றார்கள். ஈரத்துணியும் மண்ணெண்ணெயும் கலந்து நாறிய அந்த அறையில் பட்டியல் முழுதாகப் போய்ச் சேராததால், மத்தியானத்திலிருந்து இந்திரகுமார் அதே இருபத்தாறு பெயர்களைத் தொண்டை கட்டும்வரை வாசித்துக்கொண்டிருந்தான். பொழுது சாயச் சாயக் கேகாலை இரைச்சலில் கரைந்துபோனது.

"என்னங்க கிளாக்கரய்யா, பெட்டிக்கும் சாயங்காலமானா வேலை முடிஞ்சிருமா?" என்றான் முத்துவீரன்.

"உசரத்துல மின்சாரம் ஏறுன வாயு ஒண்ணு இருக்கு, பிளாஸ்மா மாதிரி. பகல்ல நம்ம அலை அதுக்குள்ள போனா வளைஞ்சு கீழ வந்துரும். வெயில் போனா அது மெலிஞ்சிரும். அலை வளையாம நேரா மேல போயிரும்."

"மேல யாரு இருக்கா கேக்க?"

இந்திரகுமார் ரேடியோவின் குமிழைத் திருகினான். அதிர்வெண்ணைக் குறைத்தால் போதும். அதற்கு வேண்டிய நீள ஏரியல் வயரை வெட்டி, லயத்துக் கருப்பாயி துணிக்கொடி கட்டியிருந்தாள்.

"நனைஞ்ச சீலைய வேற எங்கங்க போட?" என்றாள் அவள்.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வாசித்தான். முடித்தான். இரைச்சல். பிறகு ஒரு குரல்.

அவனுடைய குரல். எதிரொலி என்று நினைத்தான். ஆனால் அது அவசரமில்லாமல், ஒவ்வொரு பெயருக்கும் பதிலுக்குக் காத்திருந்தது. தினமும் விடியலில் பெரட்டுக்களத்தில் அவன் பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் அதே தோரணை.

"முத்துவீரன்."

"இருக்கேங்க." பழக்கம். முத்துவீரன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினான். வெடித்த சரிவுக்கு நேர் கீழே இருந்த பெரட்டுக்களத்தை நோக்கி.

"பழனியாண்டி."

"இருக்கேங்க."

இந்திரகுமார் ரேடியோவை அணைத்தான். குரல் நிற்கவில்லை. பேட்டரி வயரைப் பிடுங்கினான். நிற்கவில்லை.

வாசலை மறித்தான். கத்தினான். "போகாதீங்க! அது நான் இல்ல!"

கருப்பாயி அவன் கையை மெதுவாக விலக்கினாள். "நீங்கதானே கூப்பிட்டீங்க?"

அறை காலியானது. வெளியே இருட்டு. மழை. மேலே ஏதோ அசையும் ஓசை.

விடிந்ததும், பட்டியலுக்குக் காத்திராமல் லொறி வந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரட்டுக்களத்தை மண் மூடியிருந்தது. தோண்டியபோது இருபத்தாறு பேரும் வரிசையாக நின்றபடியே இருந்தார்கள், பதில் சொன்ன வாய் மூடாமல். இந்திரகுமார் தன் பெயரைப் பட்டியலில் வாசித்திருக்கவில்லை; அதனால் அந்தக் குரலும் அவனைக் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெயர் கேட்டபோதும் அவன் சொல்லவில்லை.